இடுப்பு மூட்டு வலிக்கு நரம்பு பிளாக்: நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தபிறகும் இடுப்பு மூட்டு வலி தீராதவர்களிடம், "ஒரு நரம்பு பிளாக் போட்டுப் பார்க்கலாம்" என்று வலி மருத்துவர் சொல்வதுண்டு. உடனே பயமும் எதிர்பார்ப்பும் சேர்ந்தே வருகின்றன. வெளிநோயாளர் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் கேட்டுவிட முடிவதில்லை. அப்படி விட்டுப்போகும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. மூட்டுத் தேய்மானத்தை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். உங்கள் மருத்துவரிடம் தெளிவாகப் பேச இது உதவும். முடிவு, உங்களைத் தொட்டுப் பரிசோதித்த அவரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது.

நரம்பு பிளாக் என்றால் நரம்பை வெட்டிவிடுவார்களா?

இல்லை. மூட்டிலிருந்து வலிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவதுதான் பிளாக். பல் பிடுங்கும்முன் போடும் ஊசியிலும் இதே வகை மருந்துதான் இருக்கிறது: லிக்னோகெயின், புபிவகெயின், ரோபிவகெயின் போன்றவை. நரம்பு இழைகளில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை இந்த மருந்து அடைத்துவிடும். செய்தி அங்கேயே நின்றுவிடும். மருந்து வடிந்ததும் நரம்பு பழையபடி வேலை செய்யும்.

எனக்கு வலி இடுப்பு மூட்டில்தான் என்று எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருபவர்களில் பலருக்கு வலியின் ஊற்று முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் இருக்கும். அவர்களுக்கு இடுப்பு மூட்டு பிளாக் எவ்வளவு கச்சிதமாகப் போட்டாலும் பயன் இருக்காது.

பந்தும் கிண்ணமுமாகப் பொருந்தியிருக்கும் உண்மையான இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது. அதன் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் தெரியும். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் கட்டைவிரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் வைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டுவார்கள். செருப்பு மாட்டுவது, சம்மணம் போடுவது, காரில் ஏறி இறங்குவது, இந்தியன் டாய்லெட்டில் குந்துவது ஆகியவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். மருத்துவர் உங்களைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தொடையை உட்புறமாகத் திருப்பும்போது தொடை இடுக்கில் சுரீரென்று வலித்தால் சந்தேகம் வலுக்கும்.

பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டாலே வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால், அங்கே வந்து சேரும் புட்டத் தசைநாண்களில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். வலி பின்பக்கம் புட்டத்தில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை இறங்கினால் முதுகைப் பார்க்க வேண்டும். தொடையின் வெளிப்புறத்தில் மட்டும் எரிச்சலும் மரப்பும் இருந்தால், தோலுக்கு உணர்வு தரும் ஒரு நரம்பு இடுப்பெலும்பின் முன்முனை அருகே நசுங்கியிருக்கலாம். இறுக்கமான பெல்ட்டும் கூடிய எடையும் இதற்குக் காரணமாகும். இதற்கும் பிளாக் உண்டு, ஆனால் அது வேறு இடம், வேறு ஊசி.

இன்னொன்று: இடுப்பு மூட்டின் வலி சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். முழங்கால் எக்ஸ்ரே நன்றாக இருந்தும் வலி தீரவில்லையென்றால், இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த நரம்பில் போடுவார்கள்?

இடுப்பு மூட்டுக்கு ஒற்றை நரம்பு கிடையாது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறையின் முன்பகுதிக்கு தொடையின் முன்பக்கம் இறங்கும் ஃபெமோரல் நரம்பிலிருந்தும் உட்பக்கம் இறங்கும் ஆப்டுரேட்டர் நரம்பிலிருந்தும் சிறு கிளைகள் வருகின்றன. துணை ஆப்டுரேட்டர் என்று இன்னொரு நரம்பும் சிலருக்கு உண்டு, எல்லோருக்கும் இருப்பதில்லை. பின்பகுதிக்குக் கிளைகள் தருபவை காலின் பின்பக்கம் இறங்கும் சயாட்டிக் நரம்பின் வட்டாரத்தைச் சேர்ந்தவையும் புட்டத்து நரம்புகளும்.

வலியை உணரும் இழைகள் உறையின் முன்பகுதியில்தான் அடர்த்தியாக உள்ளன. அதனால் பெரும்பாலான பிளாக்குகள் முன்பக்கத்தையே குறிவைக்கின்றன. மூட்டு வலியின் பெரும்பங்கு பின்பக்கம் தெரிகிறவர்களுக்கு முன்பக்க ஊசி மட்டும் போதாமல் போவதும் இதனால்தான்.

'பெங் பிளாக்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது என்ன?

மூட்டு உறையைச் சுற்றியுள்ள நரம்புகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் பெங் (PENG). 2018-இல் கனடாவின் டொரான்டோவில் பிலிப் பெங் என்ற மருத்துவர் இடம்பெற்ற குழு வெளியிட்ட முறை. இடுப்பு முறிந்து வந்த 5 நோயாளிகளிடம் செய்து பார்த்து அறிவித்தார்கள். இடுப்பெலும்பின் முன்புறக் கீழ்முனைக்கும் அதற்கு உட்பக்கமுள்ள ஒரு சிறு மேட்டுக்கும் நடுவே, தசைநாணுக்கு அடியில், எலும்பை ஒட்டி மருந்தை விடுவார்கள். மூட்டுக்குப் போகும் கிளைகள் அந்த வழியாகத்தான் கடக்கின்றன.

இதற்கு முன்பு ஃபெமோரல் நரம்பையே முழுதாக மரக்கச் செய்வது வழக்கம். வலி போகும், கூடவே தொடைத் தசையும் சோர்ந்துவிடும். எழுந்து நின்றால் முழங்கால் மடங்கும். பெங் முறையில் தசையை இயக்கும் பெரிய நரம்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். மருந்து அதிகமானாலோ பரவினாலோ இதிலும் கால் தளரலாம். எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிந்திய வலிக்கும் வந்த முறை இது. நாள்பட்ட வலியில் இதைப் பெரும்பாலும் சோதனையாகவும் அடுத்த சிகிச்சைக்கு முன்படியாகவும் பயன்படுத்துகிறார்கள்.

மருந்து சில மணி நேரம்தானே வேலை செய்யும்? அதற்காக ஊசி குத்திக்கொள்ள வேண்டுமா?

அந்தச் சில மணி நேரத்தைச் சரியாகக் கவனித்தால், எந்த ஸ்கேனும் தராத ஒரு பதில் கிடைக்கும். எம்.ஆர்.ஐ.யில் தேய்மானம் தெரியும். உங்கள் வலி அந்தத் தேய்மானத்திலிருந்துதான் வருகிறதா என்று அதில் தெரியாது. படத்தில் மூட்டு மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். முதுகும் இடுப்பும் இரண்டும் தேய்ந்த 70 வயதுக்காரருக்கு எதைச் சரிசெய்வது என்று முடிவெடுக்க இந்த ஊசி உதவுகிறது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தால், அந்த மூட்டுதான் காரணம் என்று நம்பலாம். சில மருத்துவர்கள் இன்னும் கறாராக 70, 80 விழுக்காடு குறைய வேண்டும் என்பார்கள்.

இந்தச் சோதனையை வீணாக்குவது பெரும்பாலும் நாமேதான். ஊசி போட்டதும் வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "அன்னைக்கு நல்லாத்தான் இருந்தது, மறுபடி வந்துடுச்சு" என்கிறார்கள். அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால், அன்று காலை வலி மாத்திரையைத் தவிருங்கள். வலியைக் கிளப்பும் மூன்று செயல்களை முன்பே தேர்ந்தெடுங்கள்: படியேறுவது, நாற்காலியிலிருந்து எழுவது, செருப்பு மாட்டுவது என்று. ஊசிக்கு முன் அவற்றைச் செய்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் எழுதுங்கள். ஊசிக்கு அரைமணி கழித்து, கால் உறுதியாக இருக்கிறது என்று நர்ஸ் பார்த்துச் சொன்னபின், ஒருவர் துணையோடு அதே மூன்றையும் செய்யுங்கள். பிறகு மணிக்கு ஒருமுறை, தூங்கும்வரை எழுதுங்கள். லிக்னோகெயின் என்றால் ஓரிரு மணி நேரமும், புபிவகெயின் என்றால் அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாகவும் நிம்மதி இருக்கும். என்ன மருந்து, எத்தனை மில்லி என்று கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள ரிப்போர்ட் இல்லை.

ஊசி போட்டுக்கொண்ட நம்பிக்கையிலேயே வலி குறைவதும் உண்டு. நிரந்தரமான சிகிச்சைக்குப் போகும்முன் வேறொரு நாளில் இன்னொரு முறை போட்டு உறுதிசெய்வதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம்.

ஸ்டீராய்டு கலந்து போடுகிறார்களே, அது வேறா?

நரம்பைச் சுற்றிப் போடுவது ஒன்று. மூட்டுக்குள்ளேயே போடுவது வேறொன்று. ஸ்டீராய்டு ஊசி என்று சொல்வது இடுப்பில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான். ட்ரையம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்றவை மூட்டின் உட்சவ்வில் உள்ள அழற்சியைக் குறைக்கும். பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். சில வாரங்கள் முதல் இரண்டு, மூன்று மாதம்வரை நீடிக்கலாம். அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி என்ற மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் இடுப்புத் தேய்மானத்துக்கு இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பில் படக்கருவி பார்த்தே போட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. மூட்டு அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. அதே வழிகாட்டுதல் இடுப்புக்கு 'ஜெல் ஊசி' எனப்படும் ஹயலுரானிக் அமில ஊசி வேண்டாம் என்றும் திட்டமாகச் சொல்கிறது.

ஸ்டீராய்டை அடிக்கடி போட்டுக்கொள்வது நல்லதல்ல. இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது மூன்று மாதம் இடைவெளி விடுவது வழக்கம். திரும்பத் திரும்பப் போட்டதில் மூட்டு வேகமாகச் சிதைந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?

மரப்பு மருந்து மட்டும் என்றால் சர்க்கரை ஏறாது. ஸ்டீராய்டு சேர்ந்தால் ஏறும். சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம்வரை. ஊசிக்கு முன்பே சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் தள்ளிப்போடுவதே சரி. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்து அந்த வாரம் முழுவதும் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அளவைக் கூட்ட வேண்டுமா என்று சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகம் சிவப்பது, இரண்டொரு இரவு தூக்கம் வராதது, மாதவிடாய் முன்பின்னாவது ஆகியவையும் ஸ்டீராய்டின் வேலைதான், தானே சரியாகிவிடும்.

ஊசி போடும்போது என்ன நடக்கும்? வலிக்குமா?

மல்லாந்து படுக்கவைப்பார்கள். தொடை இடுக்கைச் சுத்தம்செய்து, தோலை மரக்கவைக்கும் சிறு ஊசி முதலில். அந்தக் குத்தலும் எரிச்சலும்தான் பலருக்கு நினைவிருக்கும் வலி. பிறகு அல்ட்ராசவுண்ட் திரையிலோ, சி-ஆர்ம் எக்ஸ்ரேயிலோ பார்த்தபடி நீண்ட ஊசியை எலும்புவரை கொண்டுபோவார்கள். ஃபெமோரல் ரத்தக்குழாய்கள் பக்கத்திலேயே ஓடுவதால் படம் பார்த்துப் போடுவது இங்கே கட்டாயம். மருந்து இறங்கும்போது ஆழத்தில் ஓர் அழுத்தம் தெரியும். மின்சாரம் பாய்ந்ததுபோல் காலில் சுரீரென்று ஓடினால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் சேர்த்து அரைமணிக்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம்.

மயக்கம் கொடுத்துப் போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. சோதனை ஊசிக்கு அது வேண்டாம். மயக்க மருந்தே வலியைக் குறைத்துக் காட்டி முடிவைக் குழப்பிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரெல், ரிவராக்சபான், அபிக்சபான், ஆஸ்பிரின் என எதுவானாலும் பெயரைச் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே கொண்டுபோங்கள். எதை எத்தனை நாள் நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. இடுப்பு வலிக்காக அந்த ஆபத்தை எடுக்கவே கூடாது.

வேறு என்ன ஆபத்துகள்?

அதிகம் நடப்பது கால் தளர்ந்து விழுவதுதான், அதுவும் பெரும்பாலும் வீட்டுக் குளியலறையில். அன்று முழுவதும் தனியாக நடக்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். முதியவர் என்றால் இரவிலும் யாராவது உடனிருங்கள். ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போவது சகஜம். கிருமித்தொற்றும் நரம்புக் காயமும் அரிது.

மரப்பு மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் வாயைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கில் உலோகச் சுவை தெரியும், காதில் ரீங்காரம் கேட்கும்; முற்றினால் வலிப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் வரும். இதற்கு மாற்று மருந்தாகக் கொழுப்புக் கரைசல் ஒன்றை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவார்கள். அது தயாராக இருக்கும், மானிட்டர் வைத்திருக்கும் இடத்தில் மட்டுமே இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியபின் காய்ச்சல், ஊசி இடத்தில் சிவந்து வீங்குதல், கூடிக்கொண்டே போகும் வலி, மறுநாளும் விலகாத மரப்போ பலவீனமோ இருந்தால் காத்திருக்காமல் திரும்பிப் போங்கள்.

பிளாக் நன்றாக வேலை செய்தது. நீண்ட நாள் நிற்க ஏதாவது உண்டா?

ரேடியோ அதிர்வெண் சிகிச்சை, சுருக்கமாக ஆர்.எஃப். மூட்டுக்குப் போகும் அதே சிறு கிளைகளின் பக்கத்தில் ஊசிமுனையை வைத்து, சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றரை நிமிடம்போல் சுடுவார்கள். முனையைத் தண்ணீரால் குளிர்வித்தபடி 60 டிகிரியில் பெரிய பரப்பைச் சூடாக்கும் முறையும் உண்டு. 42 டிகிரியைத் தாண்டாமல் விட்டுவிட்டுத் துடிப்பாகத் தரும் முறையில் நரம்பு எரிவதில்லை. சுடும்முன் சிறு மின்துடிப்பு கொடுத்துக் கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். துள்ளினால் ஊசி இயக்க நரம்புக்கு அருகில் இருக்கிறது என்று பொருள், இடம் மாற்றுவார்கள்.

பலன் கிடைப்பவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை நிற்கலாம். நரம்பு மறுபடி வளர்ந்ததும் வலி திரும்பும். தேவைப்பட்டால் மீண்டும் செய்யலாம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: முழங்காலில் இந்தச் சிகிச்சைக்கு இருக்கும் அளவு ஆய்வுகள் இடுப்புக்கு இல்லை. இடுப்பில் நரம்புக் கிளைகளின் பாதை ஆளுக்கு ஆள் மாறுகிறது, பெரிய ரத்தக்குழாய்களும் அருகில் இருக்கின்றன. அதனால் சோதனை பிளாக் போடாமலே நேராக ஆர்.எஃப். செய்யலாம் என்று சொன்னால், வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

வலி குறைந்திருக்கும் நாட்களில் ஓய்வெடுக்க வேண்டுமா?

முதல் நாள் மட்டும். அதற்குப் பிறகு ஓய்வெடுத்தால், இந்தச் சிகிச்சையின் பாதிப் பலனை நீங்களே விட்டுவிடுகிறீர்கள். பிளாக்கோ ஸ்டீராய்டோ தேய்ந்த மூட்டைச் சரிசெய்வதில்லை. வலியால் மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்த காலில் தசை மெலிந்திருக்கும்; மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க முடியாது, வலி இன்னும் கூடும். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இடுப்பு மூட்டின்மேல் உடல் எடையின் இரண்டு மடங்குக்கும் மேலான சுமை விழுகிறது. அந்தச் சுமையைத் தாங்கும் புட்டத் தசையை வளர்க்க, வலியில்லாத வாரங்களைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஊசிக்குத் தேதி வாங்கும் அன்றே பிசியோதெரபிக்கும் தேதி வாங்கிவிடுங்கள்.

வழக்கமாகச் சொல்லித்தரும் பயிற்சிகள் எளியவை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்குவது. நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கும் காலை நீட்டியபடி தூக்குவது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. வலி இல்லையே என்று முதல் வாரமே கோயில் படியெல்லாம் ஏறிவிட வேண்டாம், மெதுவாகக் கூட்டுங்கள். கைத்தடி பிடிப்பதென்றால் வலியில்லாத பக்கக் கையில் பிடியுங்கள். பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அதில் மூட்டின் சுமை குறையாது.

அறுவை சிகிச்சையைத் தவிர்த்துவிடலாமா?

தள்ளிப்போட முடியும், சிலருக்குத் தவிர்க்கவும் முடியும். ஆனால் மூட்டு முற்றிலும் தேய்ந்து, இரவில் தூக்கமில்லாமல், தெருமுனைவரைகூட நடக்க முடியாமல் இருப்பவர் உடல் தகுதியோடு இருந்தால், இடுப்பு மூட்டு மாற்றுக்கு நிகரான வேறு சிகிச்சை இல்லை. செயற்கை இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன என்று 2019-இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. பயத்தால் மட்டும் ஊசி மேல் ஊசியாகப் போட்டு வருடங்களை ஓட்டுவது வேண்டாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்போகிறீர்கள் என்றால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடக் கூடாது. அந்த ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமித்தொற்று வாய்ப்பு கூடுகிறது.

இளம் வயதில் ரத்த ஓட்டம் நின்று தொடையெலும்பின் பந்து சிதையும் நோய் வேறு கதை. நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரையும் மதுவும் அதற்கு முக்கியக் காரணங்கள். பிளாக் வலியை அடக்கும், பந்து சரிவதைத் தடுக்காது. அவர்கள் எலும்பு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளவே கூடாது.

மூட்டு மாற்றியபிறகும் வலிக்கிறது. அதற்கு பிளாக் போடலாமா?

முதலில் தொற்று இல்லை, மூட்டு தளரவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் நரம்புக் கிளைகளுக்கு பிளாக், ஆர்.எஃப். இரண்டையும் யோசிக்கலாம். செயற்கை மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடுவதைத் தவிர்க்கிறார்கள்.

யாருக்குப் போடவே கூடாது?

காய்ச்சல் இருப்பவர், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவர், மரப்பு மருந்து ஒவ்வாதவர். இவர்களைவிட எனக்குக் கவலை தருவது, காரணம் தெரியாத வலியை ஊசியால் மூடிவிடுவதுதான். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த இடுப்பு வலி காசநோயாக இருக்கலாம். நம் ஊரில் அதை மறக்கக் கூடாது. படுத்திருந்தாலும் விடாத வலி, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வந்த வலி, விழுந்தபின் காலை ஊன்றவே முடியாத முதியவரின் வலி ஆகியவற்றுக்கெல்லாம் பரிசோதனைதான் முதலில்.

அப்பாவுக்கு வயது 85. இதயம் பலவீனம், ஆபரேஷன் முடியாது என்றுவிட்டார்கள். அவருக்கு இதில் ஏதாவது உண்டா?

உண்டு. இந்தச் சிகிச்சையை நான் மிகவும் மதிப்பதே இவர்களுக்காகத்தான். முழு மயக்கம் இல்லாமல், சிறு ஊசி வழியாகச் செய்யலாம். வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும் நிலையில் இருப்பவருக்கு, சோதனை பிளாக்கும் அது பலித்தால் ஆர்.எஃப்.பும் மாத்திரையைக் குறைக்க வழிசெய்யும். படுக்கையிலேயே கிடப்பவர் என்றால் ஆல்கஹால் அல்லது ஃபீனால் செலுத்தி நரம்பைச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. நடமாடுபவர்களுக்கு அதை எளிதில் செய்யமாட்டார்கள்.

மருத்துவரிடம் போகும்முன், அப்பாவுக்கு எது முடிந்தால் போதும் என்று அவரிடமே கேளுங்கள். பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று சொல்லமாட்டார். பாத்ரூமுக்குத் தானே போய்வர வேண்டும், ராத்திரி நாலு மணி நேரம் தூங்க வேண்டும் என்பார். அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஊசி பலித்ததா என்று அதை வைத்தே பாருங்கள். ஊசிக்கு முன்பே வாக்கரும் குளியலறைக் கைப்பிடியும் வாங்கிப் பொருத்திவிடுங்கள். வலி குறைந்ததும் அவர் எழுந்து நடக்கத்தான் பார்ப்பார்.